கடை இல்லாத வாடகை சைக்கிள்!

சிங்கப்பூர் வீதிகளைத் திணற அடித்த லட்சம் வண்டிகள்

மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். தெருமுனையில் கடை இருக்கும். பின்சக்கர மட்கார்டில் எண் எழுதிய சைக்கிள்கள் வாசலில் வரிசையாக நிற்கும். கடைக்காரர் நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வண்டியைத் தருவார். தெரியாத ஆள் என்றால் தரமாட்டார். தெரிந்தவர் யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. பஞ்சர் ஆனால் காசு யார் கொடுப்பது என்று சண்டை வரும். எப்படியானாலும், வண்டியைக் கடையில் கொண்டுவந்து விட்டால்தான் கணக்குத் தீரும்.

கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. சைக்கிள் மட்டும் தெருவில் நிற்கிறது. எடுத்து ஓட்டலாம். இஷ்டப்பட்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் எப்படி இருக்கும்?

வந்தது! 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்தது. ஓராண்டுக்குள் அந்தச் சின்னஞ்சிறு தீவில் இப்படிப்பட்ட சைக்கிள்கள் ஒரு லட்சத்துக்கு மேல் பெருகிவிட்டன. ஜனத்தொகை சுமார் 56 லட்சம். அதாவது, 56 பேருக்கு ஒரு வாடகை சைக்கிள்!

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள ஊர் அது. துப்புரவுக்கும் ஒழுங்குக்கும் பேர்போன ஊர். எச்சில் துப்பினால் அபராதம், குப்பை போட்டால் அபராதம் என்று உலகமே பேசும் ஊர். அப்படிப்பட்ட ஊரே இந்தச் சைக்கிள்களை அடக்கப் படாதபாடு பட்டது.

பூட்டைத் திறக்கும் கைப்பேசி

இந்தச் சைக்கிள் எப்படி வேலை செய்கிறது?

வண்டியின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு குறி ஒட்டியிருக்கும். பெட்டிக்கடையில் பணம் செலுத்த வைத்திருக்கிறார்களே, அதே மாதிரிக் குறிதான். கைப்பேசியால் அதைப் படம் பிடித்தால் பின்சக்கரத்துப் பூட்டு தானே திறந்துகொள்ளும். ஏறி மிதிக்க வேண்டியதுதான். இறங்கியதும் பூட்டினால் கணக்கு முடிந்தது. வாடகை சில்லறைக் காசு. அது கணக்கிலிருந்து கழிந்துவிடும். அடுத்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசி வரைபடமே காட்டிவிடும்.

ஜனங்கள் இதை விரும்பியதில் ஆச்சரியமில்லை. சிங்கப்பூரில் ரயிலுக்குக் குறைவில்லை, பஸ்ஸுக்கும் குறைவில்லை. ஆனால் ரயிலை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர இன்னும் பத்து நிமிஷ நடை இருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயிலில், கையில் காய்கறிப் பையோடு அந்தப் பத்து நிமிஷம் நடப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்தத் தூரத்துக்குத்தான் சைக்கிள் கைகொடுத்தது.

சர்க்காரிடமும் ஒரு திட்டம் இருந்தது. ஜூரோங் வட்டாரத்தில் முறையான நிலையங்கள் அமைத்து, அங்கேயே எடுத்து அங்கேயே விடும்படியாக வாடகை சைக்கிள் நடத்த நிலப் போக்குவரத்து ஆணையம் எண்ணியிருந்தது. தனியார் கம்பெனிகள் தாமாகவே, சர்க்கார் பணம் ஒரு காசும் கேட்காமல் சைக்கிள்களை இறக்குவதைக் கண்டதும், 2017 மார்ச்சில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்தவர் செலவில் காரியம் நடக்கிறதே என்ற எண்ணம்! அந்தச் செலவு வேறு விதமாக வந்து சேரும் என்பது அப்போது தெரியவில்லை.

ஆம்ஸ்டர்டாமின் வெள்ளைச் சைக்கிள்

பூட்டாத பொதுச் சைக்கிள் என்ற யோசனை ஒன்றும் புதிதல்ல. 1965-இல் ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ‘புரோவோ’ என்ற இளைஞர் கூட்டம் சில பழைய சைக்கிள்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துத் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், காசு வேண்டாம். இதற்கு மூளையாக இருந்தவர் லூட் ஸ்கிம்மல்பெனின்க்.

போலீசார் என்ன செய்தார்கள்? சைக்கிள்களைப் பறிமுதல் செய்துவிட்டார்கள்! பூட்டாமல் சைக்கிளை வெளியே விடுவது குற்றம் என்று நகரச் சட்டம் சொன்னது. இளைஞர்கள் விடவில்லை. எண் பூட்டு வாங்கி மாட்டி, பூட்டைத் திறக்கும் எண்ணையும் வண்டியின் மேலேயே எழுதி வைத்தார்கள்! சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று, பொதுவுக்குப் பொதுவும் ஆயிற்று.

அதை வேடிக்கை என்று விட்டுவிடலாம். சில பத்துச் சைக்கிள்கள்தானே? அரை நூற்றாண்டுக்குப் பிறகு சீனாவில் நடந்தது வேடிக்கையில் சேராது.

சீனாவில் மூண்ட போட்டி

பீகிங் பல்கலைக்கழக மாணவர்கள் 2014-இல் தொடங்கிய கம்பெனி ‘ஓஃபோ’. அதன் மஞ்சள் சைக்கிள் முதலில் கல்லூரி வளாகத்துக்குள் ஓடியது. 2016-இல் ஷாங்காயில் ‘மொபைக்’ என்ற போட்டிக் கம்பெனி இறங்கியது. இரண்டுக்கும் பணத்தைக் கொட்ட முதலாளிகள் வரிசையில் நின்றார்கள். எவனுடைய சைக்கிள் அதிகம் கண்ணில் படுகிறதோ அவனே ஜெயிப்பான் என்பது கணக்கு. ஆகவே, ஓட்ட ஆள் இருக்கிறதா என்று பார்த்து வண்டி இறக்கவில்லை. எதிரி எத்தனை இறக்கினான் என்று பார்த்து இறக்கினார்கள்.

ஷாங்காயில் மட்டும் 15 லட்சம் சைக்கிள்கள் சேர்ந்துவிட்டன. 2017 ஆகஸ்டில் அந்நகர நிர்வாகம், ‘இனி ஒரு வண்டிகூடக் கூடாது’ என்று தடை போட்டது. அடுத்த மாதமே பீகிங்கும் தடை விதித்தது. அள்ளி அகற்றிய சைக்கிள்களை ஊர்ப்புறத்துப் பொட்டல்களில் மலை மலையாகக் குவித்தார்கள். வானிலிருந்து எடுத்த படங்களில் பூந்தோட்டம் போலத் தெரியும். கிட்டே போனால் துருப்பிடித்த கம்பி!

சிங்கப்பூருக்கு வந்தது இந்தப் போட்டியின் அலைதான். ‘ஓபைக்’ என்ற சிங்கப்பூர்க் கம்பெனி, ‘ஓஃபோ’, ‘மொபைக்’ மூன்றும் முதலில் வந்தன. பிறகு வேறு கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன.

வாய்க்காலில் சைக்கிள்!

முதல் சில மாதங்கள் குதூகலம். பிறகு புகார்கள் குவியத் தொடங்கின.

நடைபாதையில் குறுக்கே சைக்கிள். பஸ் நிறுத்தத்தில் சைக்கிள். அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கி வாசலில் சைக்கிள். புல்வெளியில் கவிழ்ந்து கிடக்கும் சைக்கிள். மழைநீர் வாய்க்காலுக்குள் தலைகீழாகச் சைக்கிள்! 2017 ஜூலையில், வாம்போ வட்டாரத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்து சைக்கிள் ஒன்றைக் கீழே தூக்கி எறிந்துவிட்டார்கள். கீழே யாரும் நிற்காதது அதிர்ஷ்டம். போலீசார் கைது நடவடிக்கையில் இறங்கினார்கள்.

இரண்டு கால் நன்றாக உள்ளவனுக்கு நடைபாதையில் கிடக்கும் சைக்கிள் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். சுற்றிக்கொண்டு போய்விடுவான். சக்கர நாற்காலியில் வருபவர் என்ன செய்வார்? பார்வையற்றவர் தம் கோலால் தரையிலுள்ள மேட்டுக் கோடுகளைத் தடவித் தடவி நடக்கிறார். அந்தக் கோட்டின் மேலேயே சைக்கிள் நின்றால்? குழந்தை வண்டியைத் தள்ளி வரும் தாய் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். அங்கே மோட்டார்கள் பறக்கின்றன. வசதி ஒருவருக்கு; சங்கடம் வேறொருவருக்கு. இவருக்கும் அவருக்கும் அறிமுகம்கூட இல்லை!

நம் பழைய சைக்கிள் கடையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கடைக்காரர் இடத்துக்கு வாடகை கொடுத்தார். ராத்திரி வண்டிகளை உள்ளே தள்ளிப் பூட்டினார். இந்தக் கம்பெனிகளுக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. ஊரார் வரிப்பணத்தில் போட்ட நடைபாதையே அவர்களுக்குக் கடை, அதுவே கிடங்கு! வண்டியை இறக்க ஒரு லாரி போதும். மூலைமுடுக்கெல்லாம் கிடப்பதைத் தேடிப் பொறுக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். ஆகவே இறக்குவது மும்முரமாக நடந்தது. பொறுக்குவது மந்தமாகவே நடந்தது.

ஒரு லட்சம் சைக்கிள்களில் ஏறக்குறைய பாதிதான் ஒழுங்காக ஓடுகின்றன என்று அதிகாரிகள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். மற்றப் பாதி சும்மா நின்றது, அல்லது கிடந்தது.

2017 அக்டோபரில் நிலப் போக்குவரத்து ஆணையமும், பூங்காக் கழகமும், நகர மன்றங்களும் கம்பெனிகளை அழைத்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சைக்கிள் நிறுத்தத் தரையில் மஞ்சள் கட்டங்கள் வரையப்பட்டன. ‘தவறான இடத்தில் கிடந்தால் உடனே அகற்றுகிறோம்’ என்று கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. ஆனால் வாக்குறுதிக்குச் சட்டத்தின் பலம் இல்லை. மீறியவர் யார் என்று கண்டுபிடிப்பதும் சுலபமாக இல்லை. நிறுத்தியவர் வீட்டுக்குப் போய்விட்டார். கம்பெனி, ‘நாங்கள் நிறுத்தவில்லை’ என்றது.

சட்டம் வந்தது

2018 மார்ச்சில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வாகன நிறுத்துமிடச் சட்டத்தைத் திருத்தியது. இனிமேல் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். எத்தனை வண்டி வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சர்க்காரே சொல்லும். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. லைசென்ஸ் பெற்ற கம்பெனி நிபந்தனையை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 1 லட்சம் வெள்ளி வரை அபராதம்! (டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்பார்கள்.) வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணமும் ஈட்டுத் தொகையும் கட்ட வேண்டும். வண்டிகளை ஒழுங்காக நிர்வகிக்கும் கம்பெனிக்கு எண்ணிக்கை கூடும், தவறினால் குறையும்.

லாரியில் ஏற்றி இறக்கிவிட்டுப் போவதற்கு இது முற்றுப்புள்ளி. இனி ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும்.

ஓட்டுபவருக்கும் ஒரு கடிவாளம் பூட்டினார்கள். இதுதான் முழுத் திட்டத்திலும் சாமர்த்தியமான பகுதி. நிறுத்துமிடம் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டக் குறிப் பலகை நட்டார்கள். எடுக்கும்போது வண்டியிலுள்ள குறியைப் படம் பிடிக்கிறோம் அல்லவா? விடும்போது நிறுத்துமிடத்துக் குறியைப் படம் பிடிக்க வேண்டும். பிடித்தால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு. பிடிக்காமல் போட்டுவிட்டுப் போனால் 5 வெள்ளி தண்டம். ஓராண்டில் மூன்று தடவை அப்படிச் செய்தால், எந்தக் கம்பெனியின் சைக்கிளையும் ஒரு மாதத்துக்குத் தொட முடியாது. 2019 ஜனவரியில் இந்த விதி அமலுக்கு வந்தது. ‘நிறுத்தியவர் யார்?’ என்ற கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது.

பறிபோன முன்பணம்

லைசென்ஸ் என்றதும் ஒரு கம்பெனிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. 2018 ஜூன் 25-ஆம் தேதி, ‘சிங்கப்பூரில் தொழிலை நிறுத்திவிட்டோம்’ என்று ஓபைக் அறிவித்தது. புதிய விதிகளின்படி நடப்பது கஷ்டம் என்று காரணம் சொல்லிற்று. வண்டிகளை ஜூலை 4-ஆம் தேதிக்குள் அகற்றும்படி ஆணையம் கெடு வைத்தது.

வண்டி போனால் போகட்டும். பணம்?

சைக்கிள் எடுக்கும் முன் ஒவ்வொருவரும் ஓபைக்கிடம் 49 வெள்ளி முன்பணம் கட்டியிருந்தார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,400 ரூபாய். மாணவர்களுக்கு 19 வெள்ளி. கேட்டதும் திரும்பத் தரவேண்டிய பணம் அது. கம்பெனி மூடியபோது பலர் கேட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. கம்பெனியைக் கலைக்கப் பொறுப்பேற்ற கணக்கர்கள் எண்ணிப் பார்த்தபோது 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சுமார் 89 லட்சம் வெள்ளி பாக்கி என்று தெரிந்தது!

எப்படிச் சேர்ந்தது இவ்வளவு தொகை? கணக்கு லேசானது. பழைய கடையில் ஒரு சைக்கிள் வெளியே போனால் ஒரு ஈடு உள்ளே வரும். வண்டி திரும்பியதும் ஈடும் திரும்பிப் போகும். இங்கே அப்படியில்லை. ஒரே சைக்கிளைப் பத்துப் பேர் மாறி மாறி ஓட்டினால் பத்து முன்பணம். ஒரு வண்டிக்கு 490 வெள்ளி! வண்டியை விட்டபிறகும் பணம் கம்பெனியிடமே இருந்தது. பலர் நாளை மறுபடி ஓட்டலாம் என்று கேட்காமல் விட்டிருந்தார்கள். வாடகை சில்லறையாக வந்தது. முன்பணம் மூட்டையாக வந்தது. எது உண்மையான வியாபாரம் என்ற சந்தேகம் யாருக்கும் வரும்.

49 வெள்ளிக்காக வக்கீல் வைத்து வழக்காட யாரால் முடியும்? வக்கீலின் முதல் கடிதத்துக்கே அதைவிட அதிகம் ஆகும். கம்பெனி கலையும்போது ஈடு ஏதும் கையில் இல்லாத கடன்காரர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசையில் பள்ளி மாணவனும் நின்றான். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவரும் நின்றார். நடைபாதையைக் காக்கச் சர்க்கார் விரைந்து எழுந்தது. இந்தச் சிறு பணத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்கும்படி முதல் நாளே உத்தரவு போட்டிருந்தால், 2 லட்சம் பேருக்கு ஏமாற்றம் மிச்சமாகியிருக்கும்.

இதே கதை பெரிய அளவில் சீனாவில் நடந்தது. 2018 டிசம்பரில், கடும் குளிரில், பீகிங்கிலுள்ள ஓஃபோ தலைமை அலுவலகத்தின் முன் ஜனங்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றார்கள். அவர்கள் கட்டியது ஆளுக்கு 99 அல்லது 199 யுவான். கைப்பேசி மூலம் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல்!

சிங்கப்பூரில் 2018 செப்டம்பரில் லைசென்ஸ் வழங்கியபோது மொபைக்குக்கு 25,000, எஸ்.ஜி. பைக் என்ற உள்ளூர்க் கம்பெனிக்கு 3,000 வண்டிகள், ஓஃபோவுக்கும் ஒரு வரம்பு என்று அளந்து கொடுத்தார்கள். ஓஃபோ நிபந்தனைகளை நிறைவேற்றத் தவறியது. 2019 பிப்ரவரியில் அதன் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது, ஏப்ரலில் ரத்தாயிற்று. மொபைக்கும் அதே ஆண்டில் விடைபெற்றுக்கொண்டது.

நம் கோயமுத்தூருக்கும் இந்த ஓஃபோ வந்தது உண்டு. 2017 இறுதியில் மஞ்சள் சைக்கிள்கள் இறங்கின. 2018 மத்தியில் கம்பெனி இந்தியாவை விட்டே கிளம்பிவிட்டது. ஊர் பழகிக்கொள்வதற்குள் வண்டி மறைந்தது.

பர்மாவுக்குப் போன சைக்கிள்கள்

கேட்பாரற்றுக் கிடந்த சைக்கிள்கள் என்ன ஆயின? பல பழைய இரும்புக் கடைக்குப் போயின. சிலவற்றுக்கு நல்ல காலம் பிறந்தது.

பர்மாக்காரரான வியாபாரி ஒருவர், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இப்படிக் கைவிடப்பட்ட சைக்கிள்களில் 10,000 வண்டிகளைச் சல்லிசாக வாங்கினார். 2019-இல் அவற்றைக் கப்பலில் ஏற்றித் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே கிராமத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள். கைப்பேசிக்குத் திறக்கும் பூட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பூட்டு மாட்டினார்கள். தம்பியோ தங்கையோ உட்கார்ந்து வரப் பின்னால் ஓர் இருக்கை வைத்தார்கள். பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு இனாமாகக் கொடுத்தார்கள்.

ஸ்கூட்டருக்கு வேறு நியாயம்

மிதிவண்டிக்கு இத்தனை பாடு என்றால் மின்சார ஸ்கூட்டருக்கு? நின்றுகொண்டு ஓட்டும் சிறு வண்டிதான்; ஆனால் சைக்கிளை மிதிக்கும் சிரமம்கூட இல்லாமல் பாய்ந்து வரும். சத்தமும் இல்லை. நடைபாதையில் முதுகுக்குப் பின்னால் வருவதை முதியவர் எப்படி அறிவார்?

சிங்கப்பூரில் இது பெரும்பாலும் சொந்த வண்டியாகவே பரவியது. 2019 செப்டம்பரில், பிடோக் வட்டாரத்தில் மின்சார ஸ்கூட்டர் ஒன்று மோதி, சைக்கிளில் சென்ற 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். ஊர் கொதித்தது. அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி முதல் நடைபாதைகளில் இந்த ஸ்கூட்டர்கள் ஓடக்கூடாது என்று தடை வந்தது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. சைக்கிளுக்கென்று போட்ட தனிப் பாதையில் மட்டும் ஓடலாம்.

இந்தத் தடையால் வயிற்றில் அடிபட்டவர்களும் உண்டு. ஸ்கூட்டரில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினர்களைத் தேடிப்போய் முறையிட்டார்கள். வேறு வண்டிக்கு மாறிக்கொள்ளச் சர்க்கார் உதவித்தொகை கொடுத்தது. வாடகைக்கு ஸ்கூட்டர் விட லைசென்ஸ் கேட்டு வந்த மனுக்களை 2020-இல் ஆணையம் அத்தனையும் தள்ளிவிட்டது. சைக்கிளில் பட்ட சூடு மறக்கவில்லை போலும்!

பாரிஸ் நகரம் வேறு வழியில் போயிற்று. அங்கே 2018 முதல் வாடகை ஸ்கூட்டர்கள் தெருவெங்கும் நிறைந்தன. நகராட்சி 2020-இல் மூன்று கம்பெனிகள் போதும், 15,000 வண்டிகள் போதும் என்று வரம்பு கட்டியது. அப்போதும் புகார் ஓயவில்லை. கடைசியில் ஜனங்களையே கேட்டுவிடுவோம் என்று 2023 ஏப்ரல் 2-ஆம் தேதி ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். நூற்றுக்கு 89 பேர், ‘வேண்டாம்’ என்றார்கள். செப்டம்பர் முதல் வாடகை ஸ்கூட்டர் ஒழிந்தது. ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் எத்தனை பேர்? ஓட்டுரிமை உள்ளவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை! ஸ்கூட்டர் ஓட்டிய வாலிபர்களில் பலர் அன்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அங்கும் வாடகை சைக்கிள்களுக்குத் தடை வரவில்லை.

மஞ்சள் கட்டம்

சிங்கப்பூரில் வாடகை சைக்கிள் செத்துவிடவில்லை. 2018-இல் 1,000 வண்டிகளோடு பரீட்சார்த்தமாக அனுமதி பெற்ற ‘எனிவீல்’ என்ற உள்ளூர்க் கம்பெனி ஒழுங்காக நடந்துகொண்டு படிப்படியாக வளர்ந்தது. 2023-இல் 30,000 வண்டிகள் வைத்துக்கொள்ள அதற்கு அனுமதி கிடைத்தது. புயலாக வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஆயிரத்தில் தொடங்கியவர் நிலைத்தார்.

கம்பெனிகள் மாறினாலும் நிறுத்தும் விதி மாறவில்லை. வீட்டு வாசல்வரை வந்து போட்டுவிட்டுப் போகும் சுகம் போய்விட்டதே என்று குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு; அந்தச் சுகத்துக்காகத்தானே முதலில் இந்த வண்டி பிரபலமானது? ஆனால் காலை நேரத்தில் ரயில் நிலைய வாசலைப் பார்த்தால் சக்கர நாற்காலி போக வழி இருக்கிறது. அலுவலகத்துக்கு ஓடுகிறவர் கடைசி நிமிஷத்தில் வந்து இறங்குகிறார். குறிப்பலகைக்கு அருகே வண்டியை நிறுத்துகிறார்; கைப்பேசியைக் காட்டுகிறார்; ரயிலைப் பிடிக்க ஓடுகிறார். கட்டம் நிரம்பி வழிந்தால் அடுத்த கட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். அதுவரை வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.